பாலைவனத்துல மிலிட்டரி ப்ளேன் விழுந்துருச்சுனு நியூஸ் வந்தா அத எப்படி படிக்கிறது: ஜாலஹள்ளி பழைய ஃபிட்டர் ஒருத்தன் சொல்றது

முன்னாடியே சொல்லிடறேன், நான் பைலட் கிடையாது. ஏர்ஃபோர்ஸ்ல ஏர்ஃப்ரேம் ஃபிட்டரா, அதாவது ப்ளேன் உடம்ப ரிப்பேர் பாக்கிற மெக்கானிக்கா இருந்து, பாதி ஆயுச டிரான்ஸ்போர்ட் ப்ளேன் வயித்துக்குள்ள கிரீஸ் கையோட கழிச்சுட்டு, இப்ப பெங்களூர்ல ஜாலஹள்ளி பக்கம் ஒரு ஃப்ளாட்ல உக்காந்து எலஹங்கா ஏர்பேஸ் பக்கம் ஆன்-32ங்கிற சரக்கு ப்ளேன் சத்தம் கேட்டா இன்னும் பால்கனிக்கு ஓடுற ஆளு. எங்க அபார்ட்மென்ட்ல நம்மாளுங்க நிறைய, வேலூர், ஆம்பூர், தர்மபுரினு, பாதிப்பேர் டிஃபன்ஸ் இல்லனா பக்கத்துல இருக்கிற ஃபேக்டரி.

2019 ஜூன் 3ம் தேதி. அசாம் ஜோர்ஹாட்ல இருந்து அருணாச்சல் மெச்சுகா போன ஆன்-32 காணோம்னு டிவில ஓடுது. எங்க வாட்ஸப் குரூப்ல ஒருத்தர், பேரு வேணாம், எரிஞ்சு கருகின ப்ளேன் ஃபோட்டோ ஒண்ண போட்டு "ஆல் டெட், ஓம் சாந்தி"னு எழுதிட்டாரு. அதே குரூப்ல மூணாவது மாடி பொண்ணு இருக்கா, அவ வீட்டுக்காரர் அந்தப் பக்கம் டிரான்ஸ்போர்ட் ஸ்குவாட்ரன்ல இருக்கார், ஃபோன் எடுக்கல. மூணு மணிநேரம் அந்தப் பொண்ணு படிக்கட்டுலயே உக்காந்திருந்துச்சு, கையில ஃபோன், மடில குழந்தை. அவர் அந்த ப்ளேன்ல இல்ல, வேற டியூட்டில இருந்தார்னு ராத்திரிதான் தெரிஞ்சுது. அந்த ஃபோட்டோ எது தெரியுமா, நாலு இன்ஜின் ப்ளேன். ஆன்-32க்கு இருக்கிறதே ரெண்டு. அந்த ப்ளேன் விழுந்த இடத்த கண்டுபிடிச்சதே ஜூன் 11ம் தேதிதான், 13 பேரும் போய்ட்டாங்க. எட்டு நாள் கழிச்சு தெரிய வேண்டியத எங்காளு சாயங்காலமே முடிச்சு வச்சுட்டாரு.

அதனாலதான் இத எழுதுறேன். ஏன் பாலைவனம்னு கேட்டா, இந்த மாதிரி தப்பு அதிகமா நடக்கிறது அங்கதான், ஆள் இல்ல, கேமரா இல்ல, சாட்சி இல்ல, எவன் வேணா என்ன வேணா சொல்லலாம்.

சரி, நியூஸ் வந்துச்சு, ஏதோ ஒரு நாட்டு ராணுவ சரக்கு விமானம் எங்கயோ பாலைவனத்துல விழுந்துருச்சு. முதல் வேலை டைம் பாருங்க. மிலிட்டரி அறிக்கைல டைம் பெரும்பாலும் ஜூலு டைம்ல இருக்கும், அதாவது கிரீன்விச். நம்ம டைமுக்கு அஞ்சரை மணிநேரம் கூட்டிக்கணும். 1900 ஜூலுனா நமக்கு மறுநாள் 12:30 ராத்திரி, தேதியே மாறிடும். இத தெரியாம "விழுறதுக்கு முன்னாடி நாளே ட்வீட் போட்டிருக்கான் பாரு, சதி"னு வீடியோ போட்டவன நான் பாத்திருக்கேன். அப்புறம் அந்த ஊரு டைம் என்னனும் பாத்துக்கோங்க, பகலா ராத்திரியானு தெரிஞ்சாலே பாதி யோசனை ஓடும், ஏன்னு கீழ சொல்றேன்.

ரெண்டாவது, மேப்ப தொறங்க. இதுல கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்க, ஏன்னா பாலைவனம்னு சொன்ன உடனே நம்ம மனசுல வர்றது ஒட்டகம் நடக்குற மணல்மேடு, சமதரை. ப்ளேன் விழுந்த "பாலைவனம்" நிறைய தடவை மலை. 2002 ஜனவரி 9ம் தேதி அமெரிக்க மரைன்ஸோட கேசி-130 டேங்கர் ப்ளேன் ஒண்ணு பாகிஸ்தான் பலூசிஸ்தான்ல ஷம்சிங்கிற ஏர்ஃபீல்டுக்கு ராத்திரில எறங்க வரும்போது மலைல மோதுச்சு, 7 பேர் போய்ட்டாங்க. சுத்தி வறண்ட பொட்டல்தான், ஆனா அந்தப் பொட்டல் நடுவுல கல்லுமலை நிக்குது, ராத்திரில அதுக்கு யார் லைட்டு போட்டு வச்சிருக்கா. 2003 பிப்ரவரி 19, ஈரான்ல ரெவல்யூஷனரி கார்ட்ஸ்ங்கிற புரட்சிப் படை ஆளுங்கள ஏத்திட்டு ஜாஹிதான்ல இருந்து வந்த இல்யூஷின்-76 கெர்மான் பக்கம் மலைல மோதி 275 பேர். மேப்ல பாத்தா கெர்மானுக்கு அந்தாண்ட லூத் பாலைவனம். 2011 ஜூலை 26, மொராக்கோ ஏர்ஃபோர்ஸ் சி-130, குல்மிம் ஊருக்குப் பக்கத்துல, சகாராவுக்கு வாசக்கதவுனு சொல்ற ஊரு அது, அங்கயும் மலை, மோசமான வானிலை, 80 பேர். மூணுலயும் "பாலைவனத்துல விழுந்தது"னு எழுதினா பொய் இல்ல, ஆனா உங்களுக்கு ஒண்ணும் புரியாது. அதனால கூகுள் மேப்ல டெரெய்ன் லேயர் போட்டு, ஏர்ஃபீல்டு எங்க, விழுந்த இடம் எங்க, நடுவுல உயரம் எவ்வளவுனு பாருங்க. ரன்வேக்கு நேர்கோட்டுல முப்பது நாப்பது கிலோமீட்டருக்குள்ள மலைல கிடக்குதுன்னா, ப்ளேன் நல்லா பறந்துகிட்டே போய் தரைல மோதின கேஸா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. எங்க ஆளுங்க அத சிஃபிட்னு சொல்லுவாங்க. இன்ஜின் ஓடுது, இறக்கை இருக்கு, பைலட் முழிச்சிருக்கார், ஆனா தான் எங்க இருக்கோம்கிற கணக்கு தப்பிடுச்சு. முடிவு பண்ணாதீங்க, மனசுல ஒரு ஓரமா வச்சுக்கோங்க.

இதுலயே குளிர் பாலைவனம்னு ஒண்ணு இருக்கு, மறக்காதீங்க. லடாக், லாஹௌல், ஸ்பிதி எல்லாம் அந்தக் கணக்குதான். அதுக்கு அப்புறம் வரேன்.

மூணாவது, ஃபோட்டோ. இது ஈஸி, சின்னப் பசங்களே கத்துக்கலாம். டிரான்ஸ்போர்ட் ப்ளேன்னா பெரும்பாலும் இறக்கை உடம்புக்கு மேல இருக்கும், பின்னாடி கதவு சாய்தளமா தொறக்கும். இன்ஜின் எண்ணுங்க. ரெண்டு ப்ரொப்பெல்லர், இன்ஜின் இறக்கைக்கு மேல தூக்கி வச்ச மாதிரி இருந்தா ஆன்-32, மண்ணு கல்லு உறிஞ்சாம இருக்கவும் அந்த உயரம் உதவும். நாலு ப்ரொப்பெல்லர் பாத்தா சி-130ஆ, பழைய ஆன்-12ஆனு யோசிங்க. நாலு ஜெட்டு, வால் 'T' மாதிரினா இல்யூஷின்-76 இல்லனா சி-17, சி-17க்கு இறக்கை நுனி மேல மடங்கி இருக்கும். நியூஸ்ல சொன்ன ப்ளேனும் ஃபோட்டோல இருக்கிற ப்ளேனும் வேறயா இருந்தா அங்கயே நிறுத்திடுங்க, ஃபார்வர்டு வேண்டாம். அப்புறம் கூகுள் லென்ஸ்ல போட்டுப் பாருங்க, பத்துக்கு ஏழு தடவை அஞ்சு வருஷத்துக்கு முந்தின வேற நாட்டு ஃபோட்டோவா இருக்கும் (இது என் கணக்கு, சர்வே கிர்வே எல்லாம் இல்ல). புகை கறுப்பா இருக்கு அதனால ஏவுகணைதான்னு ஒருத்தர் எழுதுவார். எரிபொருள் எரிஞ்சா கறுப்புதான் சார். எங்க வீட்டு ஸ்டவ் அடைச்சாலும் கறுப்புதான் வரும்.

வீடியோ இன்னும் மோசம். 2013 ஏப்ரல் 29, ஆப்கானிஸ்தான் பக்ராம்ல ஒரு சரக்கு 747 மேல ஏறி மூக்கத் தூக்கி அப்படியே நின்னு விழுந்த வீடியோ நீங்க எல்லாருமே பாத்திருப்பீங்க, ஒரு கார் டேஷ்கேம்ல எடுத்தது. ஏர்ஃபோர்ஸ் ப்ளேன் இல்ல, மிலிட்டரி சரக்கு தூக்கின தனியார் ப்ளேன். அத பாத்த எல்லாரும் "பைலட் ஜாஸ்தி தூக்கிட்டான்"னாங்க, தாலிபான் "நாங்கதான் சுட்டோம்"னுச்சு. விசாரணைல என்ன வந்துச்சு? உள்ள அஞ்சு கவச வண்டி. அதுல ஒண்ணாவது கட்டு அவுந்து பின்னாடி உருண்டு போயி ஹைட்ராலிக் குழாய உடைச்சு, வால் இறக்கைய ஏத்தி எறக்குற மரை தண்டையும் சேதம் பண்ணிடுச்சு. அதுக்கப்புறம் அந்தப் பைலட்டுங்க கையில இருந்தது வெறும் அலங்காரம். 7 பேர். வீடியோ பொய் சொல்லல, ஆனா வீடியோவுக்கு ப்ளேன் வயித்துக்குள்ள கண்ணு கிடையாது.

இந்த லோடு விஷயம் நான் கொஞ்சம் ஓவரா பேசுவேன், பொறுத்துக்கோங்க. டிரான்ஸ்போர்ட் ப்ளேன்ல சரக்குங்கிறது மூட்டை தூக்கிப் போடுற லாரி கணக்கு கிடையாது. ஒவ்வொரு சங்கிலி, ஒவ்வொரு ஸ்ட்ராப், எந்தக் கோணத்துல எந்த வளையத்துல மாட்டணும்னு கணக்கு இருக்கு. அதப் பாக்கிறவர்தான் லோட்மாஸ்டர். எடை எவ்வளவுங்கிறத விட எங்க உக்காந்திருக்குங்கிறது முக்கியம், நம்ம ஸ்கூட்டில பின்னாடி ரெண்டு சிலிண்டர் கட்டினா முன் வீல் தூக்குமே, அதேதான். ஆக நியூஸ்ல "எடுத்து சில நிமிஷத்துல விழுந்தது"னு இருந்தா, என்ன சரக்கு, எங்க ஏத்தினாங்க, நடுவுல எங்கயாச்சும் எறங்கி திரும்ப கட்டினாங்களானு தேடுங்க. அந்த பக்ராம் ப்ளேன் கூட அங்க எண்ணெய் போட எறங்கிட்டு கிளம்பினதுதான்.

சின்ன சாமான் கூட கொல்லும். 2015 அக்டோபர் 2, ஜலாலாபாத், அமெரிக்க சி-130ஜே. உயரமான சரக்கு ஏத்தும்போது வால்ல இருக்கிற எலிவேட்டர் (ப்ளேன் மூக்க மேல கீழ ஆட்டுற மடிப்பு) மேலயே நிக்கணும்னு பைலட் ஸ்டியரிங்குக்கு முன்னாடி நைட் விஷன் கண்ணாடியோட கெட்டி டப்பாவ சொருகி வச்சாரு. இருட்டு, அவசரம், எடுக்க மறந்தாச்சு. கிளம்பின உடனே மூக்கு மேல போகுது, கீழ தள்ள முடியல, அரை நிமிஷத்துக்குள்ள விழுந்துருச்சு. ப்ளேன்ல 11, கீழ இருந்த ஆப்கான் காவலாளிங்க 3. இதுக்கும் தாலிபான் உடனே "சுட்டது நாங்கதான்". டப்பா கதை வெளிய வர ஆறு மாசம் ஆச்சு. இத படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல, எங்க காலத்துல ஒரு ஸ்பேனர் எண்ணிக்கைல குறைஞ்சா ப்ளேன கிளம்ப விட மாட்டோம், டூல் போர்டுல நிழல் வரைஞ்சு வச்சிருக்கும், எது காலியோ அது பல்லு விழுந்த மாதிரி தெரியும். அந்த டப்பாவுக்கு எந்த போர்டுலயும் நிழல் இல்ல.

சரி பாலைவனத்துக்குன்னே உள்ள சமாச்சாரங்கள பாத்துருவோம்.

தூசி. 1980 ஏப்ரல் 24-25 ராத்திரி, ஈரான் தபஸ் பக்கம் அமெரிக்காகாரன் 'டெசர்ட் ஒன்'னு பேரு வச்ச இடம், டெஹ்ரான்ல பணயக்கைதிங்கள மீட்கப் போனது. எட்டு ஹெலிகாப்டர் கிளம்பி, வழில ஒண்ணு கோளாறாகி நின்னு, ஒண்ணு தூசி மேகத்துல மாட்டித் திரும்பி, ஆறுதான் வந்து சேந்துச்சு, அதுலயும் அஞ்சுதான் உருப்படி. திட்டத்த கைவிட்டு திரும்பும்போது ஒரு ஹெலிகாப்டர் தான் கிளப்பின தூசிலயே கண்ணு தெரியாம பக்கத்துல எண்ணெயோட நின்ன இசி-130 ப்ளேன் மேல சாஞ்சு, 8 பேர். எதிரி ஒரு குண்டு சுடல. நம்மூர்ல ஒயிட்ஃபீல்டு ரோட்டுல தோண்டிப் போட்ட இடத்துல பஸ் பின்னாடி பைக் ஓட்டிருப்பீங்கல்ல, அதே தூசி, பத்தாயிரம் மடங்கு, ராத்திரில. கண்ணுக்கு அசையாத ஒரு புள்ளி இல்லனா நாம நகர்றோமா நிக்கிறோமானு மூளைக்கே தெரியாது.

இருட்டு. பாலைவனத்துல நிலா இல்லாத ராத்திரி வானமும் தரையும் ஒரே கறுப்பு. ரன்வே லைட்டு மட்டும் ஒரு கிணத்துக்குள்ள மிதக்குற மாதிரி தெரியும். அந்த மாதிரி நேரத்துல பைலட்டுக்கு தான் உயரமா இருக்கோம்னு தோணும், உண்மைல தாழ்வா வந்துட்டு இருப்பார். அதனாலதான் பகலா ராத்திரியானு முதல்லயே பாக்கச் சொன்னேன். இந்த மாதிரி மயக்கத்த பத்தி பைலட்டுங்களுக்கு சொல்லிக் குடுக்கிற இடமே நம்ம ஊர்லதான் இருக்கு, பழைய ஏர்போர்ட் ரோட்டுல ஏரோஸ்பேஸ் மெடிசின் இன்ஸ்டிட்யூட். தினம் அந்தக் கேட்ட தாண்டிப் போறவனுக்கு உள்ள என்னனு தெரியாது.

வெயில். சூடான காத்து லேசு, அதே இறக்கை கம்மியா தூக்கும், இன்ஜினும் கம்மியா தள்ளும், ரன்வே நீளமா வேணும். உயரமும் சேந்தா இன்னும் மோசம். லே ஏர்போர்ட்டு பத்தாயிரம் அடிக்கு மேல இருக்கு, அங்க காலைலயே ஃப்ளைட்டெல்லாம் முடிச்சுக்கிறதுக்கு இதுவும் மதிய காத்தும் காரணம்.

புகையும் இருக்கு, 1991 மார்ச்ல சவூதி சி-130 ஒண்ணு ராஸ் மிஷாப்ல எறங்கும்போது விழுந்தப்ப குவைத் எண்ணெய்க் கிணறு எரிஞ்ச புகை அந்தப் பக்கம் பூரா மூடி இருந்துச்சு, செனகல் நாட்டு படைவீரங்க மட்டும் 92 பேர் போய்ட்டாங்க. வளைகுடாச் சண்டை முடிஞ்சு மெக்காவுக்குப் போயிட்டு திரும்பின பசங்க.

அடுத்து தேடுற வேலை எப்படி நடக்குதுனு தெரிஞ்சா பாதி வதந்தி தானா செத்துடும். "பிளாக் பாக்ஸ் சிக்னல் வரல, அதனால மறைக்கிறாங்க". ஐயா, பிளாக் பாக்ஸோட டிக் டிக் சத்தம் தண்ணிக்குள்ள மட்டும்தான், தண்ணி பட்டாதான் அது கிளம்பும். மணல்ல கிடந்தா அது ஒரு ஆரஞ்சு டப்பா, நடந்துபோய் எடுக்கணும், அவ்வளவுதான். தரைல கூப்பிடறது வேற ஒரு கருவி, இ.எல்.டி.னு சொல்லுவாங்க, மோதின வேகத்துல தானா 406 மெகாஹெர்ட்ஸ்ல சிக்னல் விடும், சேட்டிலைட் பிடிக்கும். பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ சேட்டிலைட் கேக்கிறத 2009 பிப்ரவரி 1ம் தேதியோட நிறுத்தியாச்சு. இந்த சிக்னல் இந்தியாவுக்கும் இலங்கை, நேபாளம், மாலத்தீவு மாதிரி சுத்தி இருக்கிற சில நாட்டுக்கும் எங்க வந்து சேருது தெரியுமா, நம்ம பெங்களூர் பீன்யா! இஸ்ரோவோட சேட்டிலைட் கண்காணிப்பு பிரிவு இஸ்ட்ராக்ல இருக்கிற மிஷன் கண்ட்ரோல் சென்டர். பீன்யா டிராஃபிக்ல மாட்டிக்கிட்டு ஹாரன் அடிக்கும்போது பக்கத்துல காம்பவுண்டுக்குள்ள எவனோ ஒருத்தன் கடல்ல மாட்டின படகோட கூப்பாட்டக் கேட்டுகிட்டு இருப்பான். ஆனா அந்தக் கருவியும் சாமி இல்ல, ஆண்டெனா பிச்சுகிட்டாலோ தீல வெந்தாலோ ஊமை. சிக்னல் வரலங்கிறதுக்கு சதி அவசியம் இல்ல.

ரூட்டு தெரியாட்டி இன்னும் கஷ்டம். 2004 நவம்பர்ல ஆப்கானிஸ்தான் பாமியான் பக்கம் அமெரிக்க ராணுவத்துக்காக ஒரு தனியார் கம்பெனி ஓட்டின சின்ன டிரான்ஸ்போர்ட் ப்ளேன், வழக்கமான வழிய விட்டு ஒரு பள்ளத்தாக்குக்குள்ள போயி மோதுச்சு, 6 பேர். அதுல ஒருத்தர் விழுந்த அப்புறமும் பல மணிநேரம் உயிரோட இருந்திருக்கார். எந்த வழில போறாங்கனு யாருக்கும் ஒழுங்கா தெரியல, தேடல் தாமதம். இந்த ஒரு வரிய நான் அதுக்கப்புறம் மறக்கவே இல்ல. அதனால எந்த நியூஸ்லயும் "கடைசியா எப்ப பேசினாங்க, தேடல் எப்ப ஆரம்பிச்சுது" ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு கழிச்சுப் பாருங்க, அங்க நிறைய விஷயம் இருக்கும்.

பாலைவனம் எவ்வளவு பெருசுங்கிறதுக்கு ஒரு கதை, இது பாம்பர், டிரான்ஸ்போர்ட் இல்ல, இருந்தாலும் சொல்லாம இருக்க முடியல. லேடி பி குட்னு ஒரு பி-24, 1943 ஏப்ரல் 4 லிபியாவுல இருந்து நேப்பிள்ஸ் மேல குண்டு போடப் போச்சு. திரும்பும்போது ராத்திரி, மேகம், ரேடியோ திசை கேட்டாங்க. அந்தக் காலத்து கருவி கோட்டக் காட்டும், ஆனா அந்தக் கோட்டுல முன்னாடியா பின்னாடியானு பிரிச்சுச் சொல்லாது. பேஸ தாண்டியாச்சுனு தெரியாம பாலைவனத்துக்குள்ள பறந்துகிட்டே போய், எண்ணெய் தீர்ந்து குதிச்சுட்டாங்க. ஒன்பது பேர்ல எட்டுப்பேர் உயிரோட ஒண்ணு சேந்து, ஒரு பாட்டில் தண்ணிய மூடில ஊத்திப் பங்கு போட்டு, வடக்கப் பாத்து நடந்தாங்க. ஒருத்தர் டைரில ஏப்ரல் 12 வரைக்கும் எழுதியிருக்கார். ப்ளேன் தெற்கால கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர்ல வயித்தால வழுக்கி நின்னுடுச்சு, உள்ள ரேடியோ இருந்துச்சு, தண்ணி இருந்துச்சு, அவங்களுக்குத் தெரியாது. 1958ல எண்ணெய் தேடப் போனவங்க மேல இருந்து பாக்கிற வரைக்கும் 15 வருஷம் அது அப்படியே கிடந்துச்சு. ஒருத்தர் உடம்பு இன்னும் கிடைக்கல.

நம்ம கதை இதவிட நீளம். 1968 பிப்ரவரி 7, சண்டிகர்ல இருந்து லே போன ஆன்-12, 102 பேரோட காணாம போச்சு. அந்தக் குளிர் பாலைவனத்துல, லாஹௌல் பக்கம் டாக்கா பனியாத்துல, 2003ல மலை ஏறப் போனவங்க கண்ணுல பட்டுச்சு. அதுக்கப்புறம் பனி உருக உருக ஒவ்வொரு உடம்பா வந்துட்டு இருக்கு, 2024 செப்டம்பர்ல நாலு பேர். 56 வருஷம் ஆன அப்புறமும் கூட இருந்த காகிதத்த வச்சு யாருனு சொல்ல முடிஞ்சுது. எங்க செக்ஷன்ல பழைய வாரண்ட் ஆபீசர் ஒருத்தர், அந்த ப்ளேன் பேச்சு வந்தா எழுந்து வெளிய போய்டுவார்.

இப்ப சதிக்கதை. அத கேக்கவே கூடாதுனு நான் சொல்ல மாட்டேன். 1988 ஆகஸ்ட் 17, பாகிஸ்தான் ஜனாதிபதி ஜியா உல் ஹக் பஹாவல்பூர்ல டாங்க் சோதனை பாத்துட்டு சி-130ல ஏறினார், சோலிஸ்தான் பாலைவனத்து ஓரம், சில நிமிஷத்துல ப்ளேன் தலைகுப்புற விழுந்துருச்சு, கூட அமெரிக்கத் தூதர் ஆர்னால்ட் ரேஃபல், பெரிய பெரிய ஜெனரல்ங்க. கிளம்பறதுக்கு முன்னாடி மாம்பழப் பெட்டி ஏத்தினாங்கனு ஒரு தகவல், அவ்வளவுதான், இன்னிக்கு வரைக்கும் மாம்பழப் பெட்டிக்குள்ள என்னனு ஆளாளுக்கு ஒரு கதை. பாகிஸ்தான் விசாரணை நாசவேலையா இருக்கலாம்னுச்சு, அமெரிக்கத் தரப்புல எலிவேட்டர் கண்ட்ரோல் கோளாறுனு பேசினாங்க, முடிவே இல்ல. என் முறை என்னன்னா, சதினு சொல்றவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேப்பேன்: நீங்க சொல்றது நிஜம்னா சிதைஞ்ச இரும்புல என்ன அடையாளம் இருக்கணும்? குண்டுனா உலோகத்துல குழி விழும், கெமிக்கல் படியும். உடைஞ்ச இடத்துல கடற்கரை அலை மாதிரி வரி வரியா இருந்தா அது ரொம்ப நாளா வளர்ந்த விரிசல். நம்ம ஊரு விமான ஆராய்ச்சிக் கூடம் என்.ஏ.எல்.ல இத பாக்கிறதுக்குன்னே லேப் இருக்கு. பதில் சொல்ல முடியாதவர் சதி பேசல, பொழுது போக்குறார்.

விரிசல்னதும் ஞாபகம், 2017 ஜூலைல அமெரிக்க மரைன்ஸ் கேசி-130 மிசிசிப்பில நடுவானத்துல பிஞ்சு 16 பேர் போனது. அது பாலைவனம் இல்ல, வயக்காடு. காரணம் ஒரு ப்ரொப்பெல்லர் பிளேடுல துரு, 2011ல டிப்போல சர்வீசுக்கு வந்தப்பவே சரியா எடுக்காம விட்டது. ஆறு வருஷம் அந்தத் துரு பொறுமையா வேலை பாத்திருக்கு. ஆக "நேத்து நல்லாத்தானே பறந்துச்சு"ங்கிறது வாதமே கிடையாது. எஃப்-700ங்கிற ப்ளேன் மெயின்டனன்ஸ் ரெஜிஸ்டர்ல கையெழுத்து போட்ட எவனுக்கும் இது வயித்தக் கலக்கும்.

ரிப்போர்ட் எங்க கிடைக்கும்? அமெரிக்க ஏர்ஃபோர்ஸ்ல ரெண்டு விசாரணை ஓடும். ஒண்ணு சேஃப்டி போர்டு, அது வெளிய வராது, சாட்சி பயப்படாம உண்மை சொல்லணும்னு மூடி வச்சிடுவாங்க. இன்னொண்ணு ஆக்சிடென்ட் இன்வெஸ்டிகேஷன் போர்டு, அது நெட்ல வரும், பெரும்பாலும் ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம். அத முதல் பக்கத்துல இருந்து படிச்சா தூங்கிடுவீங்க, கடைசில ஸ்டேட்மென்ட் ஆஃப் ஒப்பினியன்னு இருக்கும் அங்க போங்க, முடிவ படிச்சுட்டு திரும்பி மெயின்டனன்ஸ், வானிலை, பைலட் எத்தன மணிநேரம் தூங்கினார் இந்த மூணயும் படிங்க. முடிவுல வராத ஆனா இந்தப் பகுதில ஒளிஞ்சிருக்கிற வரிதான் சுவாரசியம். நம்ம நாட்டுல கோர்ட் ஆஃப் என்கொயரினு ராணுவத்தோட உள் விசாரணை, அது பொதுவா வெளிய தர்றதில்ல. ஆனா பார்லிமென்ட்ல கேள்வி பதில் வரும், பாதுகாப்பு நிலைக்குழு அறிக்கை வரும், அங்க தேடுங்க. 2017-22 அஞ்சு வருஷத்துல ஏர்ஃபோர்ஸ்ல 34 விபத்து, அதுல 19 ஏர்க்ரூ மனிதத் தவறுனு அந்தக் குழு அறிக்கைலதான் இருக்கு, 2021 டிசம்பர் 8 குன்னூர் ஹெலிகாப்டரையும் அந்தக் கணக்குலதான் போட்டிருக்காங்க. மனிதத் தவறுங்கிற வார்த்தைய பாத்ததும் பைலட்ட திட்ட ஆரம்பிக்காதீங்க. அந்த மனுசன் ஏன் தப்பு பண்ணாருங்கிறது அடுத்த கேள்வி, தூக்கமா, மேகமா, அவசரப்படுத்தினாங்களா, டப்பாவா.

எண்ணிக்கை பத்தி சுருக்கமா: முதல் நாள் எண்ணிக்கை மாறும், ப்ளேன்ல ஏறினவன், ஏறாம விட்டவன், கீழ இருந்தவன்னு எல்லாம் குழம்பும், மாறினா அது பொய் ஆகாது. பேரு மட்டும் போடவே போடாதீங்க. வீட்டுக்கு ஆள் போய் சொன்ன அப்புறம்தான் பேரு வெளிய வரணும், அதுக்கு யூனிஃபார்ம்ல ரெண்டு பேர் நடந்துபோய் பெல் அடிக்கணும், அவங்க லிஃப்ட்ல ஏறுறதுக்குள்ள உங்க மெசேஜ் மேல போயிடும்.

தெரிஞ்ச வீடு இருந்தா ஃபோன் பண்ணி "உங்க வீட்டுக்காரர் சேஃபா"னு கேக்காதீங்க, அந்த ஒரு ஃபோனுக்குத்தான் அவங்க லைன காலியா வச்சுட்டு காத்திருப்பாங்க. கீழ போய் குழந்தைய வாங்கி வச்சுக்கோங்க, காபி போட்டுக் குடுங்க, டிவி சத்தத்த குறைங்க.

கடைசி வேலை, ஃபோன் காலண்டர்ல ஆறு மாசம் கழிச்சு ஒரு ரிமைண்டர், ஒரு வருஷம் கழிச்சு ஒண்ணு, ப்ளேன் பேரு போட்டு வைங்க. நான் 2016 ஜூலை 22க்கு போட்டது வருஷா வருஷம் அடிச்சுகிட்டே இருந்துச்சு, தாம்பரத்துல இருந்து போர்ட் பிளேர் போற வழில காணாம போன ஆன்-32, நம்பர் கே-2743, 29 பேர். 2024 ஜனவரில சென்னை கடற்கரைல இருந்து 310 கிலோமீட்டர் தள்ளி 3,400 மீட்டர் ஆழத்துல சிதறல் கிடக்குதுனு நம்ம கடல் தொழில்நுட்ப நிறுவனம் என்.ஐ.ஓ.டி. அனுப்பின ஆளில்லா நீர்மூழ்கி படம் எடுத்துச்சு. மணல் பாலைவனம் பதினஞ்சு வருஷம் மறைச்சா கடல் ஏழரை வருஷம். அரசு அறிக்கைய அப்படியே, ஒரு வார்த்தை கூட்டாம, எங்க குரூப்ல போட்டேன். அடுத்த மெசேஜ் தண்ணி லாரி எத்தன மணிக்கு வரும்னு. அதுக்கு அடுத்தது யாருக்கோ ஹேப்பி பர்த்டே. ராத்திரி மூணாவது மாடி பொண்ணு கதவத் தட்டுச்சு, உள்ள வரல, வாசல்லயே நின்னு கேட்டுச்சு: "அண்ணா, அந்த 29 வீட்டுக்கும் இத முன்னாடியே போய் சொல்லியிருப்பாங்கல்ல?"